ஈட்டியும் சிங்கமும் ஒரு கல்தொட்டியும்

இங்கிலாந்தின் எல்லைக் கிராமம் ஒன்றில் 12ஆம் நூற்றாண்டு ஞானஸ்நானத் தொட்டி இன்றும் தன் இடத்தில் நிற்கிறது. ஒரு கூரையும் ஒரு கிராமமும் சேர்ந்து காப்பாற்றிய பொருள் அது. இப்போது அந்தக் கூரைகளுக்குத்தான் ஆபத்து.

கோட்டை போய்விட்டது. கோட்டைக்குச் சொந்தக்காரர்களான குடும்பமும் போய்விட்டது. நாட்டின் மதம் ஒருமுறை கத்தோலிக்கத்திலிருந்து மாறி, திரும்பி வந்து, மறுபடியும் மாறியது. ஒரு மன்னரின் தலை வெட்டப்பட்டது. இத்தனைக்கும் அசையாமல் நிற்கிறது ஒரு கல்தொட்டி. இங்கிலாந்தின் ஹெரிஃபோர்டுஷயரில், வேல்ஸ் எல்லையை ஒட்டியுள்ள எர்ட்ஸ்லி கிராமத்தின் மகதலேனா மரியாள் தேவாலயத்தில் இருக்கும் ஞானஸ்நானத் தொட்டி அது. செதுக்கப்பட்டது 1150ஐ ஒட்டி. அதாவது வயது ஏறக்குறைய 870.

எர்ட்ஸ்லி, கறுப்பு மரச்சட்டங்களுக்கு இடையே வெள்ளைச் சுவர் கொண்ட பழைய வீடுகளுக்குப் பெயர் பெற்ற ஊர். சுற்றுலாப் பயணிகள் அந்த வீடுகளைப் பார்க்கத்தான் வருகிறார்கள். விஷயம் தெரிந்தவர்கள் நேரே தேவாலயத்துக்குப் போகிறார்கள். ஆங்கிலக் கிராமங்களில் மிச்சமிருக்கும் 12ஆம் நூற்றாண்டுச் சிற்பங்களில் தலைசிறந்தவற்றில் ஒன்று அங்கே இருப்பது அவர்களுக்குத் தெரியும்.

காலில் நிறுத்திய பெரிய கோப்பை போன்ற வடிவம். மணற்கல். விளிம்பைச் சுற்றிலும், கீழே காலைச் சுற்றிலும், கயிறுகளை முறுக்கி முடைந்தது போன்ற பின்னல் வேலை. நடுவே உள்ள அகன்ற பகுதியில் உருவங்கள். இடம் வெறுமையாக இருந்தாலே பிடிக்காத சிற்பி போலிருக்கிறது. மனிதன் இல்லாத இடத்தில் மிருகம், மிருகம் இல்லாத இடத்தில் கொடி, கொடி இல்லாத இடத்தில் முடிச்சு.

முதலில் கண்ணில் படுவது ஒரு சண்டை. இரண்டு வீரர்கள். ஒருவன் கையில் ஈட்டி, மற்றவன் கையில் வாள். ஈட்டி வாள்காரனின் தொடையில் பாய்ந்து நிற்கிறது. குழந்தைக்குப் பெயர் வைத்து ஆசீர்வதிக்கும் தொட்டியில் ரத்தக்களரிக்கு என்ன வேலை?

ஊர்க்காரர்களிடம் இதற்கு ஒரு கதை இருக்கிறது. அந்த வட்டாரத்தை ஆண்டது பாஸ்கர்வில் குடும்பம். கோனன் டாயிலின் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலால் உலகம் முழுக்கப் பழக்கமான அதே பெயர். இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ரால்ஃப் என்பவர் நிலத் தகராறில் தன் மாமனாரையே நேருக்கு நேர் சண்டைக்கு அழைத்துக் கொன்றுவிட்டார். அந்த நிகழ்ச்சிதான் கல்லில் இருக்கிறது என்பது கதை. கலை வரலாற்று ஆய்வாளர்களில் சிலர் இதை ஏற்கிறார்கள். மற்றவர்கள், மனித மனத்துக்குள் நன்மைக்கும் தீமைக்கும் நடக்கும் போரை மத்தியகாலச் சிற்பிகள் இப்படித்தான் காட்டினார்கள் என்கிறார்கள். மருமகனா, மனமா என்பது இன்னும் தீராத வழக்கு.

அடுத்த காட்சியில் சந்தேகத்துக்கு இடமில்லை. கையில் சிலுவைக்கோலுடன் இயேசு வேகமாக நடக்கிறார். இன்னொரு கையால் ஒரு சிறிய மனிதனின் கையைப் பிடித்து இழுக்கிறார். அந்த மனிதனை முடிச்சு முடிச்சாகக் கொடிகள் சுற்றியிருக்கின்றன. சிலுவையில் இறந்தபின் இயேசு பாதாளத்தில் இறங்கி அங்கே அடைபட்டிருந்தவர்களை மீட்டார் என்பது கிறிஸ்தவ நம்பிக்கை. எழுத்து தெரியாத விவசாயிக்கும் இந்தப் படம் புரிந்திருக்கும். சிக்கலில் மாட்டிக்கொண்டவனை ஒருவர் கையைப் பிடித்துத் தூக்கிவிடுகிறார். தொட்டியில் முழுக்கப்படும் குழந்தைக்கும் அதுவே நடக்கிறது என்று பாதிரியார் தனியாக விளக்க வேண்டிய அவசியமே இல்லை.

புத்தகம் ஏந்திய ஒரு புனிதர் இன்னொரு பக்கம். பிறகு ஒரு பெரிய சிங்கம். இதற்கும் இரண்டு அர்த்தங்கள். இரை தேடி அலையும் சாத்தான் என்பது ஒன்று. மற்றது அக்கால விலங்கு நூல்கள் சொல்லும் நம்பிக்கை: சிங்கக்குட்டி செத்தே பிறக்கும், மூன்றாம் நாள் தகப்பன் சிங்கம் ஊதி உயிர் கொடுக்கும். மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தவருக்கு இதைவிடப் பொருத்தமான மிருகம் வேறு கிடைக்காது.

சிற்பி யார்? பெயர் இல்லை. ஆனால் கைவண்ணம் தெரிகிறது. அதே வட்டாரத்தில் கில்பெக் தேவாலயத்தின் வாசல், காசில் ஃப்ரூம் கிராமத்தின் ஞானஸ்நானத் தொட்டி, ஷாப்டன் தேவாலயத்தின் வளைவுகள் என்று ஒரே குழுவின் முத்திரை பதிந்த வேலைகள் பல. 'ஹெரிஃபோர்டுஷயர் பாணி' என்று ஆய்வாளர்கள் இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். போலந்து நாட்டவரான, பிரிட்டனில் குடியேறிய ஜார்ஜ் ஜார்நெக்கி (1915-2008) இதைப் பற்றிய ஆராய்ச்சிக்கு அடித்தளம் போட்டவர்களில் முக்கியமானவர்.

இந்தப் பாணியின் தொடக்கத்தில் ஒரு யாத்திரை இருக்கிறது. ஹியூ டி மார்ட்டிமர் என்ற பிரபுவிடம் நிர்வாகியாக இருந்தவர் ஆலிவர் டி மெர்லிமாண்ட். 1130களில் ஷாப்டனில் புதிய தேவாலயம் கட்டினார். ஸ்பெயினில் உள்ள சாண்டியாகோ டி காம்போஸ்டெலாவுக்குப் புனிதப் பயணமும் போய்வந்தார். அந்த வழி மேற்குப் பிரான்சின் தேவாலயங்கள் வழியாகப் போகிறது. அங்கே பார்த்த சிற்ப அலங்காரம் இங்கே வந்து, ஏற்கெனவே இருந்த ஆங்கிலோ-சாக்ஸன், வைக்கிங் பின்னல் வேலைகளோடு கலந்துவிட்டது. உள்ளூர் மணற்கல்லில் ஐரோப்பாவின் பாதி தூரம் தெரிவது இதனால்தான்.

ஆனால் ஊர்க்காரர்களுக்கு அது கலைப்பொருள் அல்ல. குழந்தை பிறந்தால் உடனே தேவைப்படும் சாமான். மத்தியகால இங்கிலாந்தில் பிறக்கும் குழந்தைகளில் கணிசமானவை முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தைக்குச் சொர்க்கம் இல்லை, புனித மண்ணில் அடக்கமும் இல்லை என்று திருச்சபை சொன்னது. எனவே பிறந்த ஓரிரு நாளில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தேவாலயத்துக்கு ஓடினார்கள். பிரசவத்திலேயே உயிருக்கு ஆபத்து என்றால் மருத்துவச்சியே தண்ணீர் ஊற்றி உரிய வார்த்தைகளைச் சொல்லலாம். அந்த வார்த்தைகளை ஊர் மக்களுக்குத் தாய்மொழியில் கற்றுக்கொடுப்பது பாதிரியாரின் கடமை.

சடங்கு தேவாலய வாசலில் தொடங்கும். தாய் வரமாட்டாள், பிரசவத்துக்குப் பின் அவளைச் சுத்திகரிக்கும் சடங்கு முடியும்வரை அவளுக்கு அனுமதியில்லை. குழந்தையை ஏந்துவது ஞானப் பெற்றோர். ஆண் குழந்தைக்கு இரண்டு ஞானத் தகப்பன்கள், ஒரு ஞானத் தாய். பெண் குழந்தைக்கு எண்ணிக்கை தலைகீழ். பாதிரியார் வாசலில் குழந்தையின் வாயில் உப்பு வைத்துத் தீய ஆவியை விரட்டுவார். பிறகுதான் உள்ளே. தொட்டி வாசலை ஒட்டியே இருப்பதற்குக் காரணம் அதுதான்: ஞானஸ்நானம் என்பது திருச்சபைக்குள் நுழைவது. குழந்தையின் துணியைக் களைந்து, மூன்று முறை தண்ணீரில் அமிழ்த்தி எடுப்பார்கள். வலப்பக்கம், இடப்பக்கம், முகம் கீழாக. அந்தக் காலத் தொட்டிகள் இத்தனை பெரிதாக இருப்பது இதற்காகத்தான். நெற்றியில் நாலு சொட்டுத் தெளிக்க இவ்வளவு பெரிய கல் தேவையில்லை.

தொட்டித் தண்ணீர் தினமும் மாற்றப்படுவதில்லை. மந்திரித்த தண்ணீர் வாரக்கணக்கில் அதிலேயே நிற்கும். கல் உறிஞ்சிவிடாமல் இருக்க உள்ளே ஈயத் தகடு. மாற்றும்போது வெளியே கொட்டாமல், அடியில் உள்ள துவாரம் வழியே நேரே மண்ணுக்குள் விடுவார்கள். காரணம், அந்தத் தண்ணீருக்கு ஏகப்பட்ட கிராக்கி. நோய் தீர, பயிர் விளைய, பில்லி சூனியம் செய்ய என்று ஆளுக்கு ஒரு காரணத்துக்காகத் திருடினார்கள். கேன்டர்பரி ஆர்ச்பிஷப் எட்மண்ட் 1236ல் ஓர் உத்தரவு போட்டார்: சூனியக்காரர்களிடமிருந்து காக்க எல்லாத் தொட்டிகளையும் மூடி பூட்டி வைக்க வேண்டும். இங்கிலாந்தின் பழைய தொட்டிகள் பலவற்றின் விளிம்பில் இரும்புக் கொக்கி பதித்த குழிகளும், பின்னாளில் அதைப் பிடுங்கும்போது பெயர்ந்த சில்லுகளும் இன்றும் தெரிகின்றன.

தொட்டி ஊரின் கௌரவமும்கூட. ஞானஸ்நானம் கொடுக்கும் உரிமை இருந்தால்தான் அது முழுமையான பங்குத் தேவாலயம். இல்லாத ஊர்க்காரர்கள் தாய்த் தேவாலயத்துக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும், காணிக்கையும் அங்கேதான் கட்ட வேண்டும். பழைய கட்டடத்தை இடித்துப் பெரிதாகக் கட்டியபோதுகூடத் தொட்டியை மட்டும் பல ஊர்களில் மாற்றவில்லை. இங்கிலாந்தின் எத்தனையோ கிராமங்களில் தேவாலயத்தை விடத் தொட்டிக்கு வயது அதிகம்.

ஞானஸ்நானம், கல்யாணம், சாவு மூன்றையும் ஏட்டில் எழுத வேண்டும் என்று அரசு ஆணையிட்டது 1538ல்தான். எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் க்ராம்வெல் போட்ட ஆணை அது. அதற்கு முந்தைய நானூறு ஆண்டுகளில் எர்ட்ஸ்லியில் பிறந்த பண்ணையாட்களின், தச்சர்களின், ஆடு மேய்ப்பவர்களின் பெயர்களில் பெரும்பாலானவை எங்கும் எழுதப்படவில்லை. அவர்கள் எல்லோரும் கடந்துபோன இடம் என்று இன்று கைகாட்ட முடிவது இந்த ஒரு கல்லைத்தான். கோட்டை வீட்டுக் குழந்தைக்கும் குடிசைக் குழந்தைக்கும் ஊரில் பொதுவாக இருந்தது அது.

மிகப்பெரிய ஆபத்து 1640களில் வந்தது. மன்னர் முதலாம் சார்ல்ஸுக்கும் பாராளுமன்றத்துக்கும் உள்நாட்டுப் போர். பாராளுமன்றத்தின் பக்கம் இருந்த பியூரிட்டன்களுக்குச் சிலை, சித்திரம், அலங்காரம் எல்லாமே போப்பின் மூடநம்பிக்கை. 1645ல் வந்த புதிய வழிபாட்டு முறை, பழைய தொட்டி இருக்கும் இடத்தில் ஞானஸ்நானம் கூடாது, சபைக்கு முன்னால்தான் நடக்க வேண்டும் என்றது. பல ஊர்களில் தொட்டியின் இடத்தைச் சாதாரணக் கிண்ணம் பிடித்தது. வேலையிழந்த கல்தொட்டிகள் வெளியே வந்தன. கனமான, குழிந்த, உறுதியான கல்லை எந்த விவசாயிதான் வேண்டாம் என்பான்? மாட்டுக்குத் தண்ணீர் காட்டவும், துணி துவைக்கவும், பிறகு பூச்செடி வைக்கவும் பயன்பட்டன.

க்ளாஸ்டர்ஷயரின் டீர்ஹர்ஸ்ட் தேவாலயத் தொட்டிக்கு நேர்ந்தது இதற்கு நல்ல உதாரணம். ஆங்கிலோ-சாக்ஸன் காலத்துச் சுருள் வேலை நிறைந்தது. அதன் மேல்பகுதி 1840களில் ஒரு பண்ணையில் தொட்டியாகப் பயன்பட்டுக்கொண்டிருந்தது. கண்டுபிடித்து வேறொரு ஊர்த் தேவாலயத்தில் வைத்தார்கள். பின்னர் அதே சுருள் வேலை கொண்ட கால்பகுதி தனியாக ஒரு தோட்டத்தில் கிடைத்தது. இரண்டும் 1870ல் டீர்ஹர்ஸ்டில் மறுபடியும் ஒன்று சேர்ந்தன. மாட்டுக் கொட்டிலுக்குப் போனாலும் உபயோகத்தில் இருந்ததால்தான் அது உடைபடாமல் தப்பித்தது.

எர்ட்ஸ்லித் தொட்டி அந்த அலையைத் தாண்டிவிட்டது. அதே போரில் பக்கத்திலிருந்த பாஸ்கர்வில் கோட்டைதான் அழிந்தது. 1086ல் நாடு முழுவதும் எடுக்கப்பட்ட டோம்ஸ்டே கணக்கெடுப்பில், காட்டின் நடுவே அரண் செய்த வீடு என்று பதிவான இடம் அது. இன்று ஒரு மண்மேடும் அகழியின் அடையாளமும் மிச்சம்.

தேவாலயத்தின் கூரைக்கு அடியில் இருப்பதும் இல்லாததும் ஒரு சிற்பத்துக்கு என்ன வித்தியாசத்தை உண்டாக்கும் என்பதற்குச் சாட்சி அதிக தூரத்தில் இல்லை. ஆலிவர் கட்டிய அதே ஷாப்டன்தான். 1750களில் அந்த எஸ்டேட்டின் சொந்தக்காரர்களான பேட்மன் குடும்பத்தினருக்குப் பழைய தேவாலயம் பழசாகத் தெரிந்தது. இடித்துவிட்டு அந்தக் கால நாகரிகப்படி வெள்ளையும் நீலமுமாக, கேக் அலங்காரம் போல ஒரு புதிய தேவாலயம் கட்டினார்கள். பழைய வளைவையும் இரண்டு வாசல்களையும் வீணாக்கவில்லை. குன்றின் மேல் கொண்டுபோய், வீட்டிலிருந்து பார்க்க அழகாக இருக்கும் என்று நட்டுவைத்தார்கள்.

மழையும் பனியும் மீதி வேலையைப் பார்த்துக்கொண்டன. மணற்கல்லுக்குள் நீர் இறங்குகிறது. குளிரில் உறைந்து விரிகிறது. மேல்தோல் அடுக்கடுக்காக உரிகிறது. ஓவியர் ஜி.ஆர். லூயிஸ் 1852ல் வெளியிட்ட சித்திரங்களில் காணப்படும் உருவங்கள் பலவற்றை இன்று அந்த வளைவுகளில் அடையாளம் காண முடியாது. முகங்கள் கரைந்துவிட்டன, கை எது கொடி எது என்று பிரிக்க முடியவில்லை. எர்ட்ஸ்லித் தொட்டியோ, அதே பாணி, ஏறக்குறைய அதே வயது, ஈட்டியின் நுனிவரை தெளிவாக இருக்கிறது. ஒன்று அலங்காரப் பொருளாயிற்று. மற்றது வேலை செய்துகொண்டே இருந்தது. ஷாப்டனிலும்கூட, சிங்கங்கள் செதுக்கிய பழைய ஞானஸ்நானத் தொட்டி புதிய தேவாலயத்துக்குள் இருக்கிறது. அது பிழைத்துக்கொண்டது.

இந்தப் பாடம் இன்று இங்கிலாந்தைக் கவலைப்பட வைக்கிறது. இங்கிலாந்து திருச்சபையிடம் சுமார் 16,000 தேவாலயங்கள் இருக்கின்றன. அவற்றில் 12,000க்கு மேல் சட்டப் பாதுகாப்பு பெற்ற பழைய கட்டடங்கள். ஆட்கள்தான் குறைந்துகொண்டே போனார்கள். ஒரு வாரத்தில் வழிபாட்டுக்கு வருவோரின் சராசரி 2019ல் 8.54 லட்சம். கொரோனாவுக்குப் பின் சற்று ஏறியும், 2023ல் 6.85 லட்சம்தான். எல்லாத் தேவாலயங்களிலும் ஞாயிறுதோறும் ஆராதனை நடக்க வேண்டும் என்ற நானூறு ஆண்டு விதியை 2019ல் திருச்சபையே தளர்த்தியது. கிராமப்புறங்களில் ஐந்தாறு தேவாலயங்களுக்கு ஒரே பாதிரியார் என்பது சகஜம்.

அரசு கட்டடப் பராமரிப்புச் செலவை ஏற்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. மானியங்கள் உண்டு; ஆனால் கூரை ஒழுகினால் முதல் பொறுப்பு ஊர்ச் சபையினுடையது. ஞாயிற்றுக்கிழமை கூடும் இருபது பேர், அதில் பாதி ஓய்வூதியக்காரர்கள் என்றால், பணம் எங்கிருந்து வரும்? போதாக்குறைக்கு ஈயத் திருடர்கள். பழைய கூரைகளில் வேய்ந்த ஈயத் தகட்டை ஒரே இரவில் உரித்து விற்றுவிடுகிறார்கள். அடுத்த மழை உள்ளே பெய்கிறது. ஈரம் ஏறிக் காயும்போது கல்லுக்குள் உள்ள உப்பு படிகமாகி, வெளியில் மழை செய்யும் அதே வேலையை உள்ளேயும் செய்கிறது. ஆபத்தில் உள்ள பாரம்பரியச் சின்னங்கள் என்று 'ஹிஸ்டாரிக் இங்கிலாந்து' அமைப்பு வெளியிடும் பட்டியலில் 900க்கும் மேற்பட்ட வழிபாட்டு இடங்கள் இருக்கின்றன.

மூடப்படும் தேவாலயங்களில் மிகச் சிறந்தவற்றைக் காப்பதற்காக 1969ல் தொடங்கிய அறக்கட்டளையிடம் இப்போது 350க்கு மேற்பட்ட கட்டடங்கள் உள்ளன. மற்றவை வீடாகவோ அலுவலகமாகவோ விற்கப்படுகின்றன. அப்போது தொட்டியை என்ன செய்வது என்ற கேள்வி தனியே எழுகிறது. வேறு தேவாலயத்துக்குக் கொடுக்கலாம். ஆனால் அங்கேயும் ஒரு தொட்டி இருக்கும்.

மியூசியத்தில் வைத்துவிட்டால் என்ன? கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. சீரான வெப்பம், காவல், ஆயிரக்கணக்கான பார்வையாளர்கள். எதிர்வாதமும் வலுவானது. வாசலுக்குப் பக்கத்தில் ஏன் நிற்கிறது, ஏன் இவ்வளவு பெரிது, யார் குழந்தைக்காகச் செதுக்கியது என்பதெல்லாம் அந்த இடத்தில்தான் புரியும். கண்ணாடிப் பெட்டிக்குள் போன பிறகு அது ஈட்டியும் சிங்கமும் செதுக்கிய ஒரு கல், அவ்வளவுதான். திருச்சபைச் சட்டமும் இந்தப் பக்கம்தான். ஞானஸ்நானம் நடக்கும் ஒவ்வொரு தேவாலயத்திலும் மூடியுடன் கூடிய தகுந்த தொட்டி பிரதான வாசலுக்கு அருகே இருக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. அதை இடம் மாற்றுவதற்குக்கூட மறைமாவட்டத்தின் முறையான அனுமதி தேவை.

சட்டத்தால் தொட்டியை அதன் இடத்தில் நிறுத்தி வைக்க முடியும். கூரையை ஒழுகாமல் வைத்திருக்கவோ, கதவைத் தினமும் திறந்து வைக்கவோ சட்டத்தால் முடியாது. அதற்கு ஆட்கள் வேண்டும். எர்ட்ஸ்லியில் எட்டு நூற்றாண்டுகளாக அந்த வேலையைச் செய்தவர்கள் கலை ரசிகர்கள் அல்ல. குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்க வந்த சாதாரண மக்கள். தொட்டியைப் பார்க்க இனிமேலும் பயணிகள் வருவார்கள். ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு யாராவது வந்துகொண்டிருக்கும்வரை அதற்குப் பயமில்லை.